ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டில்

"ஐயோ, அத வாயில வெச்சிடாதீங்க!"

இளமதி போட்ட சத்தத்தில் பழமலைநாதன் கையிலிருந்த பாட்டிலைக் கீழே போட இருந்தான். நெய்வேலியில் வேலை முடிந்து வந்த தாகத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்தவனுக்கு, இட்லி மாவுக்குப் பக்கத்தில் மஞ்சளாக இருந்தது எலுமிச்சை ஜூஸ் என்றுதான் பட்டது.

"ஒங்கப்பாவோட மூத்திரம்ங்க! காலையில ஆஸ்பத்திரிக்குக் குடுக்கணும்."

பொங்கி வந்திருந்த மாவை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

மாமனார் தங்கராசு பீங்கான் கம்பெனிச் சூளையில் வேலை பார்த்தவர். இதய ஆபரேஷன் முடிந்து விருத்தாசலம் வீட்டுக்கு வந்து அன்றுதான் முதல் நாள். ஆபரேஷனில் கிட்னி லேசாக அடிபட்டிருந்தது. அது மோசமாகுமா என்பதை, ரத்தத்தில் தெரியும் முன்பே மூத்திரம் காட்டிக்கொடுத்துவிடுமாம். புதுச் சோதனை என்றார் டாக்டர்.

"தெனம் ஐஸ்ல வெச்சுக் கொண்டாங்க. சொன்ன அளவு தண்ணி மட்டும் கொறையவே கூடாது" என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

பழமலைநாதன் விடியும் முன்பே பஸ் ஏறிவிடுவான். மாமியாரும் இல்லை. எல்லாம் இளமதி தலையில் விடிந்தது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டு விரலால் பாட்டிலைத் தூக்குவாள். கையை எத்தனை தடவை சோப்பு போட்டுக் கழுவினாலும், அந்தக் கையால் சோறு பிசைய மாட்டாள், ஸ்பூனில்தான் சாப்பிடுவாள். "கருமம், கருமம்" என்று அவள் முணுமுணுப்பது கட்டிலில் கிடந்தவருக்கும் கேட்கும். இதயம்தான் கெட்டிருந்ததே தவிர, காது நன்றாகத்தான் இருந்தது.

நாளாக ஆக, பாட்டிலில் சேருவது குறைந்துகொண்டே வந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. துணி காயப்போட வீட்டுக்குப் பின்னால் போனபோது காரணமும் தெரிந்தது. மாமனாரின் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே மண் சொதசொதவென்று நனைந்து கிடந்தது. கிட்டே போகவே அருவருத்து ஓடி வந்துவிட்டாள்.

"ஒங்கப்பா ஜன்னல் வழியா ஒண்ணுக்கு வுடுறாருங்க. வூடா இது, கக்கூஸா?"

"சத்தம் போடாத. நான் சொல்லி வெக்கிறேன்" என்றான் பழமலைநாதன். சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். அவர் முகம் சரியில்லை.

"கிட்னி மோசமாயிட்டே போவுதும்மா. இன்னைக்கே அவரக் கூட்டிட்டு வாங்க. இப்பிடியே வுட்டா டயாலிசிஸ்லதான் போய் நிக்கும். தண்ணி ஒழுங்கா குடிக்கிறாரா?"

"வெக்கிற செம்பெல்லாம் காலியாயிடுது சார். பாட்டில்லதான் புடிக்க மாட்டேங்கிறாரு."

வழியெல்லாம் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு அசிங்கத்தைச் சுமந்தும் பழி தன் மேல்தான் வந்து விழும். ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள், பழக்கதோஷத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டே அறை வாசலில் நின்றாள்.

"மாமா, கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஒங்க கிட்னி போயிடும்ங்கிறாங்க! பாட்டில் இருக்கும்போது ஏன் மாமா ஜன்னல் வழியா ஒண்ணுக்குப் போறீங்க?"

தங்கராசு அவளைப் பார்க்கவில்லை. வெடித்துப்போன உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, அணைந்து கிடந்த கலர் டிவியையே பார்த்தார்.

"அது நீ வெச்ச தண்ணிம்மா. குடிச்சா, நீதான அள்ளணும்."