நர்ஸ் குடித்த சூப்

தைபேயிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து தைனான் வந்த ஜுன்யான், ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

அப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உப்புச் சப்பில்லாத கஞ்சி. ஜன்னலோரம் ஒரு நர்ஸ், அம்மாவின் ஃபிளாஸ்க் மூடியில் கருங்கோழி சூப்பை ஊற்றி ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

வாசனையே காட்டிக்கொடுத்தது. அவன் அனுப்பிய டாங்குவெய் என்ற சீன மருந்து வேர். இதய வால்வு மாற்றிய அப்பாவுக்கு உடம்பு தேறட்டும் என்று, நாட்டு மருந்துக் கடையில் இருப்பதிலேயே உசத்தியாகப் பார்த்து வாங்கியது. பையில் இன்னொரு பொட்டலமும் கொண்டுவந்திருந்தான்.

"என்னம்மா நடக்குது இங்க?"

நர்ஸ் பெய்ஷானுக்குப் புரையேறியது. "நீங்க பெரியவரோட பிள்ளையா சார்?"

"அது இருக்கட்டும். யாருக்கு வச்ச சூப் அது?"

அவள் மூடியைப் பார்த்தாள். தூங்குகிறவரைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கங்க சார். வாசனை இழுத்துடுச்சு."

"வாசனை இழுத்தா நோயாளி சாப்பாட்டுல கை வைப்பீங்களா?"

எதிர்க் கட்டில்காரருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? எழுந்து வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"இன்னைக்கு மட்டுமா தம்பி? தினம் இதே கூத்துதான். மாத்திரை கொடுக்க வந்தா நூறு கேள்வி வேற. என்ன சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்க, வீட்டுலேர்ந்து என்ன வந்துச்சுன்னு. எதுக்குக் கேக்கறான்னு இப்பல்ல தெரியுது."

பெய்ஷான் காது சிவக்க, மூடியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஜுன்யானுக்கு ஆறவில்லை. தலைமை நர்ஸிடம் சொல்லி இவளை ஒரு வழி பண்ணிவிடுவது என்று கிளம்பினான். வெந்நீரோடு எதிரே வந்த அம்மா, விஷயத்தைக் கேட்டதும் அவன் கையைப் பிடித்து வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"நான்தான்டா குடிக்கச் சொன்னேன். இங்கேயே குடிச்சு முடின்னு அவளை உட்கார வச்சுட்டுத்தான் வெந்நீருக்குப் போனேன்."

"அப்பாவுக்கு வச்சதையா?"

"அப்பாவுக்கு முதல்ல கொடுத்தேன். பல் தேய்க்கறப்ப ஈறுல ரத்தம், நிக்கவே இல்லை. கையெல்லாம் கன்னிப் போச்சு. இந்தப் பொண்ணுதான் ஃபிளாஸ்க்கை மோந்து பார்த்துட்டு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தா. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுக்கறாங்கல்ல, அதோட இந்த வேர் சேரவே கூடாதாம். இன்னும் கொஞ்சம் குடிச்சிருந்தா..."

ஜுன்யான் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

"இப்ப எப்படி இருக்கார்?"

"இப்ப நல்லா இருக்கார். மிச்ச வேரைக் குப்பையில போட மனசு வரலை, நீ வாங்கினதாச்சே. இந்தப் பொண்ணு வேளைக்குச் சாப்பிடாமலே ஓடிக்கிட்டிருக்கா. சரி, அவளுக்காவது ஆகட்டும்னு வச்சேன்."

"அதை அவளே என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் அந்தக் கத்து கத்தினேன்."

"உங்க பிள்ளைக்குக் கட்டாயம் தெரியணும்மா, இல்லேன்னா இன்னும் வாங்கிட்டு வருவார்னுதான் சொன்னா. நான்தான் கெஞ்சினேன். ஆசை ஆசையா வர்றான், வந்ததும் வராததுமா உன் வேராலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு சொல்லிடாதே. ஒரு வாய் சாப்பிடட்டும், நானே பக்குவமா சொல்லிக்கறேன்னேன்."

ஜுன்யானுக்கு வெட்கமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு நேராக நர்ஸ்களின் மேஜைக்குப் போனான்.

பெய்ஷான் எழுந்து நின்றாள். "தலைமை நர்ஸ் அந்த ரூம்ல இருக்காங்க சார்."

அவன் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இதையும் நீங்களே குடிச்சிடுங்கம்மா. அப்பா கண்ணுல மட்டும் காட்டிடாதீங்க."