மூன்றாவது சாவி

ஃபோன் வரைபடத்தில் இடத்தைக் குறித்து, அங்கே பெட்டியை ஒளித்து, முகம் தெரியாதவர்களைத் தேடவிடும் விளையாட்டு அது. என் நாத்தனார் வெளிநாட்டில் ஒரு பெட்டி ஒளித்தாள். நான் இங்கே பாலத்தடியில் ஒன்று. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பெட்டிகள். இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து ஆடட்டும் என்று சாவிகளைத் தபாலில் மாற்றிக்கொண்டு, என் பூட்டின் சாவியை அவள் பெட்டியிலும், அவள் பூட்டின் சாவியை என் பெட்டியிலும் வைத்தோம். இரண்டையும் பூட்டிய பிறகுதான் உறைத்தது: இனி எதையும் திறக்க முடியாது.

“குடும்பத்துக்கே ரெண்டு புத்திசாலிங்க!” என்று என் கணவர் சிரித்தார்.

போன வாரம் நாத்தனார் கூப்பிட்டாள். “அண்ணி, என் பெட்டி காலியா இருக்கு. ஆனா பூட்டு பூட்டினபடியே இருக்கு.”

பாலத்தடிக்குப் போனேன். பூட்டியபடியே இருந்த என் பெட்டிக்குள் இரண்டு சாவிகள் கிடந்தன.

“இது நல்லதுக்கில்ல. ஆத்துல வீசிடு” என்றார் கணவர்.

“எங்க பெட்டி. பயப்படணும்னா அது பயப்படட்டும்.”

வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னொரு பூட்டும் போட்டேன். அதன் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இன்று காலை பெட்டிக்குள் மூன்று சாவிகள். கழுத்தைத் தடவினேன். கயிறு இருந்தது, முடிச்சும் அவிழவில்லை.

“இப்பவாவது விட்டுத் தொலையேன்” என்றார் அவர்.

“வண்டிய எடுங்க” என்றேன். “பூட்டுக் கடை திறந்திருக்கும்.”