வெரி ஈஸி

"மேடம், விளையாடுறீங்களா? இவங்களா எங்களுக்குப் பாடம் எடுக்கப் போறாங்க?"

முதல்மார்க் எழுந்தே நின்றுவிட்டான். பட்டப்பெயர் வைத்தது பக்கத்து நாற்காலிக்காரி. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் பழகும் அந்தப் பயிற்சி வகுப்பில், எல்லாத் தேர்விலும் முதல் மார்க் அவன்தான். அதை அவனே நாலு பேரிடம் சொல்லிவிடுவதால் மற்றவர்களுக்கு அந்த வேலை மிச்சம்.

போர்டுக்கு முன்னால் நின்றது, கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மா. நீலச் சீருடை. கையில் வாளியும் மாப்பும்.

"இவங்கதான்," என்றார் பயிற்சியாளர். "இவங்க பாஷை எனக்கே அரைகுறைதான். உங்க யாருக்கும் சுத்தமாத் தெரியாது. அதனாலதான் கூப்பிட்டேன். புரியாத பாஷைக்கு முன்னால உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு ஒரு அரை மணி நேரம் அனுபவிச்சுப் பாருங்க. முடிஞ்சதும், டீச்சர் தேறினாங்களா இல்லையான்னு காரணத்தோட எழுதிக் கொடுங்க. அதுதான் உங்க கடைசித் தாள். அதைப் பார்த்துட்டுத்தான் சான்றிதழ்ல கையெழுத்து."

சான்றிதழ் என்றதும் உட்கார்ந்துவிட்டான். திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

"இவங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குடா," என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"வராந்தாவுல பார்த்திருப்பே. தினம் தண்ணியை ஊத்தி நம்மளை வழுக்கி விடுறதே இவங்கதானே."

அந்தம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். மார்க்கரை எடுத்து உள்ளங்கையில் டக் டக்கென்று தட்டினாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், அடைமழைதான்.

வாளியைக் காட்டி ஒரு வார்த்தை. மாப்பைக் காட்டி ஒரு வார்த்தை. கதவு, ஜன்னல், தண்ணீர், அழுக்கு. எல்லாம் ஒரே ஒரு தடவை. போர்டு பக்கம் திரும்பி என்னவோ படம் கிறுக்கினாள். முதுகு விலகி, படம் கண்ணில் படுவதற்குள் சரக்கென்று அழித்தாள்.

முன்வரிசையில் ஒருத்தி தட்டுத்தடுமாறி ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டாள். அந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல். அதோடு சரி, பார்வை அந்த வரிசையைத் தாண்டவே இல்லை.

தாண்டியது ஒரே ஒரு தடவை. விரல் ஜன்னலைக் காட்டிவிட்டு முதல்மார்க் பக்கம் நீண்டது.

எழுந்தான். என்னவோ உளறினான். அது வாளியோ அழுக்கோ, ஜன்னல் இல்லை என்பது மட்டும் அந்தம்மா முகத்தில் தெரிந்தது.

"ச்சு!" என்று உச்சுக்கொட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். விரலைச் சொடுக்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தத்தையும் எடுத்து வீசினாள்.

"ஈஸி! வெரி ஈஸி!"

முன்வரிசை சிரித்தது. அவனுக்குக் காது சுட்டது. நின்றவனை உட்காரக்கூடச் சொல்லாமல் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டாள்.

பாடம் முடிந்து அவள் வாளியோடு வெளியேறியதும் அவன் எழுதிய வேகத்தில், தாள் கிழியாமல் போனதே அதிசயம்.

"நான் படிக்கிறேன் மேடம்!" பேனாவை உள்ளங்கையில் தட்டியபடி வாசித்தான். "மூச்சு விடாமல் ஓடுகிறார். போர்டில் உள்ளதைப் பார்க்கவே விடுவதில்லை. முன்வரிசைக்கு மட்டும்தான் இவர் டீச்சர், மற்றவர்கள் இவர் கண்ணுக்கு மேசை நாற்காலி. திணறுகிறவனை நிற்க வைத்து 'ஈஸி' என்கிறார். அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சொல்லித்தரும் தகுதி இவருக்குத் துளியும் இல்லை. தேறவில்லை."

"ஒண்ணு விடாமப் பிடிச்சிருக்கீங்க தம்பி."

அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. "அப்போ கையெழுத்து மேடம்?"

"இருங்க. போன செவ்வாய்க்கிழமை, இங்கிலீஷ் கத்துக்கப் புதுசா வந்த ஆளுங்களுக்கு நீங்க பயிற்சிப் பாடம் எடுத்தீங்களே, கடைசி வரிசையில இவங்க உட்கார்ந்திருந்தாங்க. ஞாபகம் இருக்கா?"

யோசித்தான். முன்வரிசை முகங்கள்தான் வந்தன. "கவனிக்கலை மேடம்."

"பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவங்க. வாழ்க்கையில போய் உட்கார்ந்த முதல் வகுப்பே உங்களோடதுதான். இன்னிக்கு எப்படி நடத்தணும்னு சொல்லித்தரட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம்மா, வாத்தியார் எப்படி நடத்துவாருன்னு பார்த்திருக்கேனே, அப்படியே செஞ்சிடுறேன்'னாங்க."

உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது.

பக்கத்து நாற்காலிக்காரி குனிந்து, சரியாகவே இருந்த செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

"அப்போ... என் சான்றிதழ்?"

பயிற்சியாளர் இன்னொரு தாளை எடுத்து அவன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவனுடைய பாடம் முடிந்ததும் அன்றைக்கு மாணவர்களிடம் வாங்கியது. எழுதத் தெரியாதவர்களுக்காக மூன்று முகங்கள்: ஒன்று சிரித்தது, ஒன்று உம்மென்று இருந்தது, ஒன்று அழுதது. சிரிக்கிற முகத்தைச் சுற்றி, பேனா பிடித்துப் பழகாத கையின் கோணல் வட்டம்.

"ஒண்ணுமே புரியலைன்னீங்களே, அப்புறம் ஏன் இதைச் சுத்துனீங்கன்னு கேட்டேன். 'வாத்தியார் மேல என்ன தப்பு, மக்கு நான்தானே. அந்தப் பிள்ளைக்கு நல்லபடியா வேலை கிடைக்கட்டும்'னாங்க."

பயிற்சியாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நீங்க எழுதின தாள்ல நீங்க தேறலை. அவங்க கொடுத்த தாள்லதான் தேறியிருக்கீங்க. நீங்களே சொல்லுங்க தம்பி, எதைப் பார்த்து நான் கையெழுத்துப் போட?"