மாப்பிள்ளைக்கு ஒரு பெண்

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு வரல" என்றாள் மனைவி.

"அப்ப நான் மாப்பிள்ளை. இப்ப மாப்பிள்ளைக்கு அப்பா. ஒரு மரியாதை வேண்டாமா?" என்றார் கண்காணிப்பாளர், கண்ணாடி முன்னால் மீசையை நீவிக்கொண்டே.

மாப்பிள்ளை என்பது ஒரு செடி. தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில், பனைக்கும் தாழைக்கும் பிறந்தது போல முரட்டு ஓலைகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. நூறு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு மலைச்சரிவில் அதை ஒற்றையாகக் கண்டு, தோண்டி எடுத்து வந்து நட்டார்கள். ஆண் செடி. அதன் பெண்ணை அதற்கப்புறம் எந்தக் காட்டிலும் எவரும் கண்டதில்லை. அடியில் முளைக்கும் கன்றைப் பிரித்து நட்டால் அதுவும் ஆண்தான், அச்சு அசல் அப்பன். இப்படி ஒன்பது தோட்டங்களில் ஒன்பது பிரம்மச்சாரிகள். விதை என்று ஒன்று விழாவிட்டால் வம்சம் இத்தோடு சரி.

பயிலுநராக நுழைந்து முப்பத்தாறு வருடம் அதே பூங்காவில் கிடந்தவர் கண்காணிப்பாளர். இந்த மாதக் கடைசியில் ஓய்வு. அதற்குள் மாப்பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஏக்கம். இருபது வருடமாக உலகத்தில் உள்ள தோட்டங்களுக்கெல்லாம் கடிதம் போட்டிருக்கிறார். உயரம், வயது, ஓலைகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது என்பதை மட்டும்தான் எழுதவில்லை. "என் கல்யாணத்துக்கு நான் ஒரு கடுதாசிகூடப் போட்டதில்ல" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். தெருவில் பாதிப் பேர் அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரர் இரண்டு வரன்கூடக் கொண்டுவந்தார்.

போன மாதம்தான் பதில் வந்தது. ஒரு பகல் ரயில் பயண தூரத்தில் சின்னதாக ஒரு தோட்டம். அதன் பொறுப்பாளர் அம்மாள் எழுதியிருந்தார்: எங்களிடம் ஒன்று இருக்கிறது, பதிவேட்டில் பெண் என்றே இருக்கிறது, இதுவரை கூம்பு (இந்தச் செடிக்கு அதுதான் பூ) விட்டதில்லை, இப்போது முதல் கூம்பு தலைநீட்டுகிறது. கண்காணிப்பாளர் அன்றைக்கே போன் போட்டு 'சம்பந்தியம்மா' என்று ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாளும் சளைக்காமல் "சொல்லுங்க சம்பந்தி" என்றார்.

மாப்பிள்ளையின் மகரந்தம் ஐஸ் குடுவையில் பத்திரமாக இருந்தது. ரயில் நெடுக அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் காபியா என்று கேட்டதற்கு முறைத்ததாகக் கேள்வி.

மறுநாள் காலை தோட்டத்து வாசலில் வரவேற்ற அம்மாள் நேரே கூடத்துக்கு அழைத்துப் போனார். செடியின் நடுவில் கூம்பு இரவோடு இரவாக விரிந்திருந்தது. ஒல்லியாக, நீளமாக. அடி ஓலையெல்லாம் மஞ்சள் தூள்.

"சம்பந்தியம்மா, இது..."

"ஆமாங்க. பையன்."

கண்காணிப்பாளர் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். குடுவை மடியிலேயே இருந்தது. இருபது வருடக் கடிதம், ஒரு பகல் ரயில், புதுசாக இஸ்திரி போட்ட சட்டை. கொஞ்ச நேரத்தில் துக்கம் போய்க் கோபம் வந்தது. பெண் என்று சொன்னது யார் என்று கேட்டார்.

அம்மாள் அந்தச் செடியின் பழைய கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். செடி எங்கெங்கே இருந்ததோ, அந்தந்த இடத்துக் கடிதங்களெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்திருந்தன. இவர்களுக்குச் செடியைக் கொடுத்தது ஒரு கல்லூரித் தோட்டம். 'பெண் செடி' என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது ஓர் அருங்காட்சியகத் தோட்டம். 'பெண் என்று சொல்லித் தந்தார்கள்' என்று எழுதியிருந்தது. தெருவில் ஒரு சேதி நடக்கிற நடைதான். முதல் வீட்டில் சந்தேகமாகப் புறப்படும், மூன்றாம் வீட்டில் நேரில் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கும். நமக்குத் தெரியாததா?

கண்காணிப்பாளர் ஒவ்வொரு தோட்டத்தையும் வரிசையாக வாங்கு வாங்கென்று வாங்கினார். தம் பூங்காவில் ஒரு இலை வெளியே போனாலும் பதிவேட்டில் ஏறிவிடும் என்றார். கன்று கொடுத்த ஒன்பது தோட்டங்களையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

"வாங்கினவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. முதல்ல புளுகினான் பாருங்க ஒருத்தன், அவனைச் சொல்லணும். கையில கிடைச்சான்னா கழுத்து வரைக்கும் மண்ணுல நட்டுத் தண்ணி ஊத்துவேன்."

"கடைசித் தாள் ஒண்ணு இருக்கு சார்" என்றார் அம்மாள். 'சம்பந்தி' என்ற அழைப்பு எங்கேயோ காணாமல் போயிருந்தது. "காலையிலயே பார்த்துட்டேன். நீங்க திட்டி முடிக்கட்டும்னுதான் இருந்தேன்."

பழுப்பேறிய தாள். கையால் எழுதிய நாலே வரி.

'ஐயா, அரிய செடியின் கன்று ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெண்ணாகத்தான் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். பதிலுக்கு உங்கள் நீல ஆர்க்கிட் ஒன்று எனக்குக் கிடைத்தால் போதும். எங்கள் பதிவேட்டில் இதை ஏற்றவில்லை. மேலிடத்துக்குத் தெரிய வேண்டாம்.'

கீழே 'பயிலுநர்' என்று போட்டு, வாலைச் சுழற்றி ஒரு கையெழுத்து. முப்பத்தாறு வருடத்தில் கண்காணிப்பாளர் அந்தச் சுழியை மாற்றவே இல்லை.