மோட்டார் வைத்த வீடு

"இணைப்பை வெட்டு தம்பி" என்றாள் தெருவின் குடிநீர்க் குழுத் தலைவி.

பிளம்பர் ரெஞ்சோடு தயங்கினார். "அக்கா, இந்த வீட்டையா?"

"குழாயில மோட்டார் போட்டு உறிஞ்சினா ஒரு வருஷத்துக்கு இணைப்பு கிடையாது. ஏரித் தண்ணி எல்லாருக்கும் கடைசிவரை வரணும்னு தெருவே கூடிப் போட்ட ஒப்பந்தம். இதுல எந்த வீடா இருந்தா என்ன?"

வீட்டின் சொந்தக்காரர் பாய்ந்து வந்தார். "பாதித் தெரு மோட்டார் போடுது. என் வீடுதான் உன் கண்ணை உறுத்துதா?"

"இங்க வெட்டினாத்தான் மத்த வாசல்ல போய் நான் வாயைத் திறக்க முடியும்."

"எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. குளிப்பாட்டத் தண்ணிக்கு எங்க போறது?"

"தண்ணி ஏறாத மேட்டு வீடுகள்லயும் அம்மாக்கள் இருக்காங்க."

"உன்னைத் தலைவிக்கு நிக்கச் சொன்னதே நான்தான்!"

"சொன்னீங்கள்ல? நிக்கிறேன்."

ரெஞ்ச் திரும்பியது. உள்ளே குழாய் இருமிவிட்டு ஓய்ந்தது. அக்கம்பக்கத்து ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

அவள் விறுவிறுவென்று அந்த வீட்டுச் சமையலறைக்குள் போய், இரண்டு குடங்களை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள்.

"பொதுக்குழாய்ல போய் வரிசையில நில்லுங்க. அத்தையைத் தினமும் குளிப்பாட்டுறது நான்தானே? உங்க மோட்டார் இல்லையே!"