பத்து வரைக்கும் எண்ணு

செம்பன் நாய்க்கு ஓடுகிற பைக்கைக் கண்டால் துரத்தியே ஆக வேண்டும். போன மாதம் சக்கரத்தில் மாட்டி முன்னங்காலில் அடிபட்டும் புத்தி வரவில்லை. யார் குணத்தையும் பேசியே மாற்றலாமா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காக்கை அக்கா, அவனுக்குப் பத்து நாள் ஆலோசனை கொடுத்தாள்.

"ஆத்திரம் வந்தா ஓடாதே. மூச்சை இழுத்து விட்டு, பத்து வரைக்கும் எண்ணு."

பரீட்சை நாளும் வந்தது; அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தாள். பைக் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. செம்பன் மூச்சை இழுத்து விட்டான். எண்ணினான். அவன் பத்தைத் தொடுவதற்குள் பைக் டீக்கடை ஓரமாகப் போய் நின்றுவிட்டது. அவன் அசையவே இல்லை!

பெருமையோடு வாலை ஆட்டித் திரும்பினால், பக்கத்தில் அக்காவைக் காணோம். பைக் கண்ணாடியில் தெரிந்த காக்கையை டொக் டொக்கென்று கொத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பத்து வரைக்கும் எண்ணுங்க," என்றான் செம்பன்.

"நீ சும்மா இருடா! அவதான் முதல்ல கொத்தினா!"