நாற்காலி போட்ட இடம்

“காரே இல்லாதவன் தெருவில நாற்காலி போட்டு எதுக்கு இடம் பிடிக்கணும்?” என்று பால்கனியிலிருந்து கத்தினாள் நாகிலா. “பக்கத்து வீட்டு ஷஹாத்தா வண்டி நிறுத்த வெளியாளுக்கு வாடகைக்கு விடப்போறான்!”

டாக்சியை நிறுத்த இடமில்லாமல் அந்தக் கெய்ரோ தெருவை மூன்று முறை சுற்றியிருந்தான் அவள் கணவன் சப்ரி.

“நாற்காலி மேல தரை வரைக்கும் பாயெல்லாம் போர்த்தியிருக்கான். என்னமோ இருக்கு நாகிலா.”

“திருட்டுத்தனம்தான் இருக்கும்! வண்டியப் பின்னால எடுத்து இடிச்சுத் தள்ளுங்க. கேட்டா நான் பேசிக்கறேன்!”

சப்ரி இடித்தான். நாற்காலி சரிந்தது. அடுத்த நொடி டாக்சியின் பின்சக்கரம் நாற்காலிக்கு அடியிலிருந்த சாக்கடைக் குழிக்குள் தொம்மென்று இறங்கியது.

தெருமுனையில் இரும்பு மூடி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்த ஷஹாத்தா அலறினான்.

“மூடிய எவனோ திருடிட்டான், யாரும் விழுந்துடக் கூடாதுன்னுதானே நாற்காலி வெச்சுட்டுப் போனேன்! யார் பேச்சக் கேட்டுத் தள்ளினே?”

சப்ரி நிமிர்ந்து பார்த்தான். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது.